மலையேறுவோருக்கு இறங்கும் நேரத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமாவாசையும் பௌர்ணமியும் நெருங்கும்போதெல்லாம் மதுரை, விருதுநகர் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு சிறு செய்தி வரும். சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்கு மலையேற அனுமதி, தாணிப்பாறை வாயில் இன்ன மணி முதல் இன்ன மணி வரை திறந்திருக்கும், மழை பெய்தால் அனுமதி ரத்தாகும், இரவில் தங்கக் கூடாது, பிளாஸ்டிக் கொண்டுசெல்லக் கூடாது என்ற அளவில் அது முடிந்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு ஒரு கவலை எழுகிறது. எந்த நேரத்துக்குள் ஏறத் தொடங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறோம். மாலைக்குள் அடிவாரம் திரும்பிவிட வேண்டும் என்று பொதுவாகவும் சொல்கிறோம். ஆனால் உச்சியிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டால் உடம்புக்குக் கேடில்லாமல் கீழே வந்து சேரலாம் என்பதைச் சொல்வதில்லை. கோடையில் மலைக்குச் சென்று வரும் ஒரு முழுநாள் பயணத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ஏற்றமல்ல, பிற்பகல் இறக்கமே என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் பேரையூர் வட்டத்தைச் சேர்ந்தவன். உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து ஊர்களில் சதுரகிரிக்குப் போகாத வீடு இல்லை என்றே சொல்லலாம். கோயில் இருப்பது எங்கள் வட்டத்துச் சாப்டூர் வனப்பகுதியில். ஏறும் வழியோ பெரும்பாலோருக்கு விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை. சாப்டூரிலிருந்து வாழைத்தோப்பு வழியாகவும், தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறையிலிருந்தும் பழைய தடங்கள் உண்டென்றாலும், கூட்டம் முழுவதும் வந்து குவிவது தாணிப்பாறையில்தான். கூலி வேலைக்குப் போகிறவர்கள், மில் தொழிலாளிகள், கடை வைத்திருப்பவர்கள், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்த பாட்டிமார்கள், நேர்ச்சைக்காகச் செருப்பில்லாமல் வருகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அங்கே ஏறுகிறார்கள். அவர்களில் பலர் வருடத்தில் வேறெந்த நாளிலும் ஒரு குன்றைக்கூட ஏறாதவர்கள்.

வழியின் நீளத்தை எட்டு கிலோமீட்டர் என்பாரும் உண்டு, பத்து என்பாரும் உண்டு. வழுக்குப்பாறை, மாங்கனி ஓடை, அத்தி ஊற்று, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப் பாறை, பிலாவடிக் கருப்பு என்று வழிநெடுகப் பெயர்கள் வரும். அப்பெயர்களையே கணக்காக வைத்துத்தான் மக்கள் ஏறுவார்கள், “இன்னும் எவ்வளவு தூரம்” என்று கேட்டால் “இரட்டை லிங்கம் வந்துவிட்டது, இனிக் கொஞ்சம்தான்” என்ற பதில்தான் கிடைக்கும். படிக்கட்டு கட்டிய மலை அல்ல இது. உருண்டைக் கற்கள், ஓடைப் பாறைகள், மர வேர்கள், சில இடங்களில் செங்குத்தான பாறைச் சரிவு என்பதே பாதை. நல்ல உடல்வாகு உள்ள இளைஞர் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுவார். குடும்பத்தோடு வருபவர்களுக்கு நான்கு மணி நேரமும் ஆகும், ஐந்தும் ஆகும்.

இந்த ஐந்து மணி நேரத்தைச் சூரியனோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். சித்திரை பிறந்த சில நாட்களில் சூரியன் மதுரை வட்டாரத்துக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. அந்நாட்களில் உச்சிப்பொழுதில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. அந்த உச்சிப்பொழுதும் நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, 12.15-ஐ ஒட்டியே வருகிறது. தரையும் பாறையும் சூடேறி, அந்தச் சூடு காற்றில் ஏற மேலும் நேரம் பிடிப்பதால், நாளின் உச்ச வெப்பம் பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்றரை மணிக்கும் இடையில்தான் பதிவாகும். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கிய குடும்பம் பதினொன்றரைக்கோ பன்னிரண்டுக்கோ கோயிலை அடையும். தரிசனம் முடித்து, உண்டு, சற்றுக் கண்ணயர்ந்து ஒன்றரை மணிக்கு இறங்கத் தொடங்கினால், இருக்கிற உச்ச வெயில் முழுவதையும் இறங்கும் வழியில் வாங்கிக்கொள்ளும். கடைசி நேரத்தில் வாயிலைக் கடந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் உச்சிவெயிலில் ஏறி, பொழுது சாயும் நேரத்தில் கால் தளர்ந்து இறங்குவார்கள்.

“மேலே குளிர்ச்சியாகத்தான் இருக்கும்” என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் குறையும் என்பது பள்ளிப் பாடம். கோயிலை நெருங்கும் காட்டு நிழலில் நிற்கும்போது, அடிவாரத்தில் நாற்பது டிகிரி கொதிக்கிறது என்பதை உடம்பு மறந்துவிடும், அங்கேதான் ஏமாறுகிறோம். சமவெளியில் வேலை செய்கிறவர் வெயில் ஏற ஏற வேலையைக் குறைத்துக்கொண்டு நிழலுக்கு வந்துவிடலாம். மலைக்குப் போனவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. குளிர்ந்த இடத்திலிருந்து கொதிக்கும் இடத்தை நோக்கி, களைத்த உடம்போடும் காலியான தண்ணீர்ப் பாட்டிலோடும், நாளின் மிகக் கொடிய நேரத்தில் நடந்தே தீர வேண்டும். தாணிப்பாறைச் சரிவு கிழக்கு நோக்கியது என்பதால் விடிந்த நிமிடத்திலிருந்து வெயில் அதன்மேல் விழுகிறது. காலையெல்லாம் காய்ந்த கீழ்ப்பகுதிப் பாறைகள் பிற்பகலில் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முன்பு இவ்வளவு சிக்கல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாலையில் ஏறி, மேலே மடங்களிலும் மரத்தடிகளிலும் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் இறங்கிவிடும் வழக்கம் இருந்தது. ஏற்றமும் இறக்கமும் வெயில் தாழ்ந்த வேளைகளிலேயே அமைந்துவிடும். இரவு தங்குவதற்குத் தடை வந்தபின் எல்லாரும் ஒரே பகலில் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தத் தடையை நான் குறை கூறவில்லை. இம்மலை 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டின் பகுதி. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. யானையும் காட்டு மாடும் கரடியும் நடமாடும் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் அடுப்பு மூட்டி இரவு கழிப்பது காட்டுக்கும் நல்லதல்ல, மனிதருக்கும் நல்லதல்ல. எனினும், இரண்டு நாட்களில் பரவியிருந்த ஒரு பயணத்தை ஒரே பகலுக்குள் சுருக்கும்போது, அந்தப் பகலின் எந்தப் பகுதியில் எது நடக்கும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனை இன்னும் முழுமையாகவில்லை என்பதே என் கருத்து.

ஒரு வைகாசி மாதப் பிற்பகலில், இறங்கும் வழியில், பாறை ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவைக் கண்டேன். அறுபது வயதை ஒட்டியிருக்கும். சேலை முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். முகம் சிவந்து, உதடு வறண்டு, தோல் தொட்டால் சுடும்படி இருந்தது. உடன் வந்த மகன், “அம்மா களைப்பில் உட்கார்ந்திருக்கிறார், சற்று நேரத்தில் எழுந்துவிடுவார்” என்றார். எந்த ஊர் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் இருக்கிறது, போய் இறக்கி வை என்று மகனிடம் சொன்னார். அப்போதுதான் மகனுக்கு நிலைமை புரிந்தது. அவ்வழியே வந்த, இம்மலைப் பழங்குடியினரான பளியர் இளைஞர் ஒருவர் ஒரு கணமும் தாமதிக்காமல் அவரை நிழலுக்கு மாற்றி, எங்கள் எல்லாருடைய தண்ணீரையும் வாங்கி, வாயில் ஊற்றாமல் தலையிலும் கழுத்திலும் கைகளிலும் ஊற்றினார். ஈரத் துண்டால் அக்குளிலும் கழுத்தோரத்திலும் வைத்து அழுத்தினார். எங்களை விசிறச் சொன்னார். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா தன் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். பிறகு டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அந்த இளைஞர் செய்ததுதான் சரியான முதலுதவி. வெயிலில் நடந்தவர் பேச்சுத் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடையில் தள்ளாடினாலோ அதைச் சாதாரணக் களைப்பு என்று எண்ணக் கூடாது. அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். அந்நிலையில் உடம்பின் உள்வெப்பம் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படத் தொடங்குகின்றன. வியர்வை நின்றுபோனால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மலையேறிக் களைத்தவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இது வரக்கூடும். எனவே பார்க்க வேண்டியது வியர்வையை அல்ல, புத்தித் தெளிவை. நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடம்பைக் குளிர வைப்பதுதான் முதல் வேலை, தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கு அடுத்தது. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் தாணிப்பாறையில்தான் நிற்க முடியும். அங்கிருந்து மேலே டோலியும் மனிதத் தோளும்தான். ஆகவே அந்த முதல் அரை மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே உயிர் நிற்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் மலையேறும்போது மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கும் வியர்வை போகும். அதோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, தலைவலியும் வாந்தியும் மயக்கமும் வரும். இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்றின் நீராகாரம், கம்பங்கூழ், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஆகியவை போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. விரதம் இருந்து ஏறுகிறவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உணவில்லாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்தால் சர்க்கரை தாழ்ந்து விழுந்துவிடுவார்கள். இரத்தக் கொதிப்புக்குச் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பின் நீர் இன்னும் விரைவில் வற்றும். இவர்கள் கிளம்புவதற்கு முன் தம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது நல்லது. சுவாமி காரியத்தில் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையை நான் மதிக்கிறேன். நானும் அந்தச் சந்நிதியில் கைகூப்பி நிற்பவன்தான். ஆனால் அந்த நம்பிக்கையோடு வருகிறவர்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு நமக்கெல்லாம் இருக்கிறது.

இறக்கத்தில் வேறொரு தொல்லையும் உண்டு, விளையாட்டுப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் அதைச் சொல்லலாம். ஏறும்போது மூச்சு வாங்கும். அது நம்மை உட்கார வைத்துவிடும். இறங்கும்போது மூச்சு வாங்காது, ஆகவே களைப்புத் தெரியாது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்துவது தொடைத் தசைகள். நீண்டுகொண்டே இறுக வேண்டிய அந்த வேலையில் தசை நார்கள் விரைவில் நைந்துபோகும். இரண்டு மணி நேரம் இறங்கியபின் முழங்கால் தானாக நடுங்கத் தொடங்கும். கணுக்கால் புரள்வதும், பாறையில் வழுக்கி இடுப்பில் அடிபடுவதும் பெரும்பாலும் கடைசிப் பகுதியில், அடிவாரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நடக்கும். வீடு நினைவு வந்து வேகம் கூட்டுகிற இடமும் அதுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு கைத்தடியோடு ஏறினால் பாதி விபத்துகள் குறையும் என்பது என் அனுபவம்.

நம் வட்டாரத்து மலைகளில் நடந்த பெரிய துயரங்களும் கோடையோடு தொடர்புடையவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் போயின. அவர்கள் கொழுக்குமலையிலிருந்து திரும்பி இறங்கிக்கொண்டிருந்தவர்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில், பிற்பகல் காற்றில், தீ மனிதரின் ஓட்டத்தைவிட விரைவாக மேல்நோக்கி ஏறும் என்பதை அந்தத் துயரம்தான் நம்மில் பலருக்குக் கற்பித்தது. அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது தடங்களோடு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. தீ பரவும் மாதங்களில் அத்தடங்கள் மூடப்படுகின்றன. இது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. சதுரகிரியிலோ 2015 மே மாதம் அமாவாசையை ஒட்டி வந்தவர்களில் சிலரைக் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றது. கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் இடியோடு இறங்கும். மேலே பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் வந்து பாயும். பிற்பகலில் ஓடையைக் கடக்கிறவர்கள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது.

முன்பதிவு செய்து சிறு குழுவாக மலையேற வருகிற இளைஞருக்கு வழிகாட்டி உண்டு, பாதுகாப்புப் பற்றிய விளக்கம் உண்டு. அதே மலைத்தொடரில், அதே வெயிலில், வயதிலும் உடல்நிலையிலும் அவரைவிட நலிந்த பக்தருக்கு வாயிலில் பை சோதனை மட்டுமே உண்டு என்பது எனக்கு முறையாகத் தோன்றவில்லை.

என் வேண்டுகோள் பெரிய செலவு பிடிப்பதல்ல. மதுரைப் பக்கம் தை மாதத்தில் சூரியன் ஆறரை மணிக்குமேல் உதிக்கிறது. சித்திரைக் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே உதித்துவிடுகிறது, ஐந்தரை மணியைத் தாண்டியதும் பாதை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடுகிறது. ஆனால் அனுமதி நேரம் மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒன்றாகவே வகுக்கப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வெளிச்சம் வந்தவுடன் வாயிலைத் திறந்து, காலை எட்டரை மணிக்கு மேல் யாரையும் ஏற விடாமல் நிறுத்திவிடலாம். விடியலில் விலங்குகள் நடமாடும், திறக்கும் நேரத்தை முன்தள்ளலாமா என்று வனத்துறையினர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். நான் கேட்பது கூடுதல் நேரமல்ல. காலையில் சற்று முன்தள்ளி, அதற்கு ஈடாக முற்பகலில் அதைவிட அதிகமாகக் குறைத்துக்கொள்ளலாம். கோடையில் ஊற்றுகள் வற்றி, எஞ்சிய ஓடைக் குட்டைகளுக்கு விலங்குகள் மாலையில் நீர் குடிக்க வருகின்றன. அந்நேரத்தில் தாமதமாக இறங்கும் மனிதக் கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் அவற்றுக்கு இடைஞ்சல். கூட்டத்தில் பெரும்பகுதி மூன்று, நான்கு மணிக்கெல்லாம் கீழே வந்துவிட்டால் காட்டின் மாலைப்பொழுது காட்டுக்கே கிடைக்கும்.

இரண்டாவதாக, கோயிலில் காலை பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்ய வேண்டும். நடை தளர்ந்தவர்கள் வெயில் தணியும்வரை மேலேயே நிழலில் அமர்ந்திருந்து மூன்று மணியளவில் துணையோடு இறங்கலாம், மற்றவர்கள் பன்னிரண்டுக்குள் புறப்பட்டுவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால், மக்கள் கேட்பார்கள். வாயிலில் ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணி அட்டையோ உலோக வில்லையோ கொடுத்து, இறங்கும்போது திரும்ப வாங்கினால், மாலை நான்கு மணிக்கு மலையில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கையில் கணக்காக இருக்கும். இன்று அந்தக் கணக்கு, உறவினர் யாராவது அடிவாரத்தில் நின்று “எங்கள் அப்பா இன்னும் வரவில்லை” என்று அழும்போதுதான் தொடங்குகிறது.

மூன்றாவது, தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டிலை வாயிலில் வாங்கி வைத்துக்கொள்வது மிகச் சரி; காட்டு மாடும் மானும் பிளாஸ்டிக்கைத் தின்று சாவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் பாட்டிலை வாங்கிக்கொள்ளும் கை தண்ணீருக்கு வேறு வழியையும் காட்ட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வரும் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தலும் பானகமும் வைக்கத் தெரிந்த மண் இது. மலை அடிவாரத்திலும் அன்பர்கள் காலையில் பந்தல் போடுகிறார்கள், ஏறுகிறவர்களுக்கு. அந்த மோரில் பாதியைப் பிற்பகலுக்கு ஒதுக்கி, பாதையின் பாதித் தொலைவில் ஓரிடத்திலும் அடிவாரத்துக்குச் சற்று மேலே ஓரிடத்திலும் இறங்குகிறவர்களுக்காக வைத்தால் எத்தனையோ பேர் விழாமல் இருப்பார்கள். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் கோடை நாட்களில் இந்த இரண்டு இடங்களுக்கும் குடிநீரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் தருவதற்குத் தடை இருக்காது.

அந்த இரண்டு இடங்களிலும் யாரை நிறுத்துவது என்ற கேள்விக்கும் விடை தேடி அலைய வேண்டியதில்லை. தாணிப்பாறையிலேயே பளியர் குடியிருப்பு இருக்கிறது. எந்த மேகம் எந்த ஓடையில் வெள்ளமாக வரும், எந்தப் பாறை வழுக்கும், யானை எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களில் விருப்பமுள்ள இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அரசு மருத்துவர்களைக் கொண்டு முதலுதவிப் பயிற்சி அளித்து, அனுமதி நாட்களில் முறையான ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். ஆபத்தில் மட்டும் அவர்களைக் கூப்பிட்டு, ஏதோ கையில் கிடைத்ததைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் நமக்குப் பெருமை தருவதல்ல. நான் மேலே சொன்ன அந்த இளைஞர், பணம் கொடுக்க முன்வந்த மகனிடம் அதை வாங்காமல், ஓடையில் தண்ணீர் பிடிக்கத் தம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இவ்வளவும் சதுரகிரியை முன்வைத்துச் சொன்னாலும், மதுரை இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விடுமுறை நாட்களில் யானைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் நண்பகலில் ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். உயரம் குறைவு என்பதால் தண்ணீர்கூடக் கொண்டுபோவதில்லை. மொட்டைப் பாறைக்கு நிழல் கிடையாது. மேலிருந்து வெயிலும் கீழிருந்து பாறைச் சூடும் ஒருங்கே தாக்கும். அங்குள்ள சமணப் படுக்கைகளையும் சிற்பங்களையும் பார்க்க வேண்டும் என்றால் காலை ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். அவற்றின் அழகும் அந்தச் சாய்ந்த ஒளியில்தான் தெரியும்.

நிறைவாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் சித்திரையில் சதுரகிரி அனுமதிச் செய்தியை வெளியிடும்போது, அதே பத்தியில், அன்றைய சூரிய உதய நேரத்தையும், வானிலை ஆய்வு மையம் மதுரை, விருதுநகர் மாவட்டங்களுக்கு வெப்ப எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்பதையும், உச்சியிலிருந்து நண்பகல் பன்னிரண்டுக்குள் புறப்பட வேண்டும் அல்லது மூன்று மணி வரை நிழலில் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். மூன்று வரிகள் போதும். எங்கள் ஊர் டீக்கடையில் அந்தச் செய்தியை உரக்கப் படித்துத்தான் மறுநாள் எத்தனை மணி பஸ்ஸுக்குக் கிளம்புவது என்று முடிவு செய்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.